அங்கப்பனின் படத்திறப்பு

வேலங்காட்டுப்பாளையம்,
7.9.2025

அன்புள்ள மாமாவுக்கு,

யுவஸ்ரீ எழுதுகிறேன். தொண்டை இப்போது எப்படி இருக்கிறது? கஞ்சியாவது வலியில்லாமல் இறங்குகிறதா? புவனா அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருப்பார்கள் என்று நினைக்கிறேன். இங்கே அம்மாவும் நானும் எழுந்து நடமாடுகிறோம். இப்போதைக்கு அவ்வளவுதான் சொல்ல முடிகிறது.

அப்பாவின் காரியத்துக்கு நீங்கள் அந்த உடம்போடு மேட்டுப்பாளையத்தில் புவனா அக்கா வீட்டிலிருந்து வந்ததை அம்மா அடிக்கடி நினைக்கிறார். கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு வேப்பமரத்துக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தீர்கள். ஒரு மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் மேடையில் பேசுகிறவர் நீங்கள். அன்றைக்கு எல்லாரும் உங்கள் வாயையே பார்த்தார்கள். நீங்கள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டீர்கள்.

இப்போது எழுதுவது ஒரு வேண்டுகோளுக்காக. விசைத்தறிச் சங்கக் கட்டடத்தில் அப்பாவின் படத்தைத் திறந்து வைக்க முடிவு செய்திருக்கிறார்கள். பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிருபாசங்கர் அண்ணன் வீட்டுக்கே வந்து சொன்னார்.

"அம்மிணி, படத்தைத் தொறக்கறது தமிழ்வேந்தண்ணந்தான். வேற ஆரு? முப்பது வருசம் ஒரே வண்டீல போனவங்க. பேச முடியலீன்னா எழுதித் தரட்டும், நான் மைக்குல படிச்சர்றேன். நாங்க போன் பண்ணுனா புவனா எடுத்து 'அப்பா தூங்கறாருங்க'ன்னு வெச்சர்றா. நீயே ஒரு கடுதாசி போடு."

போனில் எனக்கும் பேச்சு வராது என்பது உங்களுக்குத் தெரியும். எதிர்முனையில் யாராவது 'ஹலோ' என்றாலே நான் சொல்ல வந்தது மறந்துபோகும். கல்லூரி முடித்தும் அது போகவில்லை. அதனால் கடிதம் எனக்கும் வசதிதான். அப்பாவைப் பற்றி உங்கள் கையால் ஒரு புகழஞ்சலி எழுதித் தாருங்கள். படத்தை நீங்களே திறக்க வேண்டும். திரையை விலக்குவதற்குக் குரல் வேண்டியதில்லை அல்லவா?

உங்கள் மருமகள்,
யுவஸ்ரீ


மேட்டுப்பாளையம்,
26.9.2025

அன்பு மருமகளுக்கு,

உன் கடிதம் கண்டேன். கண்கள் பனித்தன. உன் எழுத்தில் என் நண்பன் அங்கப்பனின் நேர்மை தெரிகிறது. நீ பட்டதாரி ஆனதைப் பார்த்துவிட்டுத்தான் அவன் போனான் என்பது ஒன்றே ஆறுதல்.

என் உடல்நிலை முன்போலத்தான். கோவையில் இரண்டு மருத்துவர்களிடம் காட்டியாகிவிட்டது. குரல்வளையில் கட்டி, பயப்பட ஒன்றுமில்லை, பேசாமல் இருங்கள் என்கிறார்கள். கட்டிக்கு வலி இருக்கலாம். எனக்கு இருப்பது எரிச்சல். பச்சைத் தண்ணீர் குடித்தாலும் எரிகிறது.

புகழஞ்சலி எழுதுவது என் கடமை. நிச்சயம் அனுப்புகிறேன். படம் திறப்பது பற்றிப் பிறகு பார்ப்போம். மூத்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். பேரூராட்சித் தலைவர் பாலுசாமி அவர்களையே அழைத்தால் அரசியல் நாகரிகமாகவும் இருக்கும். எண்ணிப் பார்க்கவும்.

உன் அம்மா, தங்கச்சி மாரியாத்தாளைக் கேட்டதாகச் சொல். அவர் அண்மையில் ஆனைமலைக்குப் போய் வந்தாரா? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

என்றும் அன்புடன்,
தமிழ்வேந்தன்


வேலங்காட்டுப்பாளையம்,
12.10.2025

அன்புள்ள மாமாவுக்கு,

இளநீரில் பனங்கற்கண்டு போட்டுக் குடித்தால் எரிச்சல் அடங்கும் என்று மயிலாத்தாள் அத்தை சொல்லச் சொன்னார். குடித்துப் பாருங்கள். எனக்குச் சூலூர் பம்பு கம்பெனியில் பில் போடும் வேலை நிரந்தரமாகிவிட்டது. அம்மாவுக்குக் கால்வீக்கம் குறைந்திருக்கிறது.

நேற்றுச் சங்கத்தில் அழைப்பிதழுக்குப் பெயர்கள் எழுதினோம். எழுதுகிறவள் என்பதால் என்னையும் ஒரு மூலையில் உட்கார வைத்திருந்தார்கள். புதிதாகச் சேர்ந்த மதன்குமார், "நம்ம கவுன்சிலருங்க எல்லார் பேரும் இருக்குது, பங்காரண்ணன் பேரை மட்டும் காணோமுங்களே?" என்று கேட்டுவிட்டார்.

ரங்கம்மாள் அத்தை வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "அந்தப் பேரை எழுதுனா பேனாவைத் தூக்கி அடுப்புல போட்டர்லாம்" என்றார்.

"ஏனுங்க அத்தை?"

தல்ஹா அண்ணன்தான் விளக்கினார். "நீ ரண்டாயிரத்து இருவத்திரெண்டுல இங்க இல்லை, தம்பி. பேரூராட்சியில பதினஞ்சு வார்டு. நம்ம பக்கம் எட்டு, பாலுசாமி பக்கம் ஏழு. கவுன்சிலருங்க ஓட்டுப் போட்டுத்தான் தலைவரு. அங்கப்பண்ணன், தமிழ்வேந்தண்ணன், பங்காரு, அப்பறம் நாங்க அஞ்சு பேரு. அங்கப்பண்ணந்தான் தலைவருன்னு மாலையெல்லாம் வாங்கி வெச்சாச்சு. பொட்டியத் தொறந்தா நம்முளுக்கு ஏழு, அவங்களுக்கு எட்டு! ரகசிய ஓட்டு. மாத்திப் போட்டவன் பேரு சீட்டுலயா இருக்கும்?"

"அப்பறம் பங்காரண்ணன்னு எப்படித் தெரிஞ்சுதுங்க?"

"அவன் மருமவன் பாலுசாமி மில்லுல சூப்பர்வைசரு. ஓட்டுப் போட்டுப்போட்டு ஆரோடயும் பேசாம ஊட்டுக்குப் போயிட்டான். அன்னிக்குப் பொழுதோட தமிழ்வேந்தண்ணன் இதே எடத்துல நின்னு அவனை வரவெச்சுக் கேட்டாரு பாரு கேள்வி! நாங்கெல்லாம் அழுதுபோட்டோம்."

"நம்ம ஆளு ஒருத்தன் அந்த நாற்காலில உக்காந்திருப்பான்" என்றார் வரதராஜுலு மாமா. ஊர் ஒதுக்கி வைத்திருக்கும் எங்கள் தெருவிலிருந்து ஒருவர் பேரூராட்சித் தலைவராக உட்கார்வதென்றால் என்ன என்பது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும்.

பாலுசாமி படத்தைத் திறக்கலாம் என்று நீங்கள் எழுதியதை நான் அங்கே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ரங்கம்மாள் அத்தை என்னையே அடுப்பில் போட்டிருப்பார்.

ஆனைமலை பற்றி அம்மாவிடம் கேட்டேன். "எதுக்குக் கேக்கறாரு?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் தோசையைத் திருப்பினார். எனக்கும் அது ஏனென்று தெரியவில்லை.

புகழஞ்சலிக்காகக் காத்திருக்கும்
யுவஸ்ரீ


மேட்டுப்பாளையம்,
31.10.2025

அன்பு மருமகளுக்கு,

தீபாவளி இந்த ஆண்டு உங்களுக்கு இல்லை என்பது நினைவில் வந்து எங்கள் வீட்டிலும் பலகாரம் சுடவில்லை. இளநீர் குடித்தேன். பயனில்லை.

புகழஞ்சலியை இத்துடன் வைத்திருக்கிறேன். கிருபாசங்கர் நிறுத்தி நிதானமாகப் படிக்கட்டும். முக்கியமான பகுதி இது:

"தறிக்கூடத்து இரைச்சலில் பிறந்தது எங்கள் நட்பு. காது கேளாத அந்தக் கூடத்தில் உதட்டசைவைப் பார்த்தே ஒருவரை ஒருவர் படித்துக்கொண்டவர்கள் நாங்கள். கூலி உயர்வுப் போராட்டத்தில் சோமனூர் சாலையில் மறியல் செய்து ஒரே வேனில் கைதானோம். கல்யாண மண்டபத்தில் அடைத்தபோது தன் பங்குச் சோற்றுப் பொட்டலத்தை எனக்குத் தந்துவிட்டு, 'நீ சாயங்காலம் பேசோணும், சாப்பிடு' என்றவன் அங்கப்பன். அவனிடம் நான் மறைத்தது என்று இந்த உலகில் ஒன்றும் இல்லை. என்னிடம் அவன் மறைத்ததும் ஒன்றும் இல்லை."

பங்காரை அழைக்கும் பேச்சே வேண்டாம். அங்கப்பனின் ஆன்மா பொறுக்காது.

இன்னொன்று. உனக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில் மிளகாய் அரைத்து அப்பி நியாயம் கேட்கிறவர்கள், பிறகு ஒருநாள் போய் எண்ணெய்க்காப்புச் செய்து அம்மனைக் குளிர்விக்க வேண்டும் என்பது வழக்கமாம். அப்படியே விட்டுவிடக் கூடாதாம். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்பது ஊரறிந்தது. உன் அம்மாவின் நிம்மதிக்காகச் சொல்கிறேன். புறப்படுவதாக இருந்தால் நான் கார் அனுப்புகிறேன். தை பிறப்பதற்குள் போய் வந்தால் நல்லது.

அன்புடன்,
தமிழ்வேந்தன்


வேலங்காட்டுப்பாளையம்,
9.11.2025

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். மருந்தை மாற்றியிருப்பதாகப் புவனா அக்கா வாட்ஸ்அப்பில் சொன்னார். குணமாகட்டும்.

புகழஞ்சலியை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சோற்றுப் பொட்டலம் வந்த இடத்தில் அழுதார். மறைத்தது ஒன்றும் இல்லை என்று வந்த இடத்தில் எழுந்து போய்த் துணி மடக்கினார்.

மிளகாய் விஷயத்தை நான் உங்கள் கடிதத்தில்தான் முதன்முதலாகப் படித்தேன். கேட்டபோது அம்மா ஒத்துக்கொண்டார். தேர்தல் முடிந்த சித்திரையில், அப்பாவுக்குத் தெரியாமல், ஓட்டை மாற்றிப் போட்டது யாராக இருந்தாலும் அவர் உடம்பு மிளகாயாய்க் காந்தட்டும், அம்மனே பார்த்துக்கொள்ளட்டும் என்று அரைத்தாராம். ஆனைமலைக்குக் காரில் கூட்டிப்போனது நீங்கள்தானாம். அப்பாவுக்குத் தெரிந்திருந்தால் உங்கள் இரண்டு பேரையும் சிரித்தே கொன்றிருப்பார்.

மாமா, புகழஞ்சலியில் ஒரு குறை இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. மறியல் இருக்கிறது, கூலி ஒப்பந்தம் இருக்கிறது, குடிநீர்க் குழாய்க்காக அப்பா உண்ணாவிரதம் இருந்தது இருக்கிறது. அந்தத் தலைவர் தேர்தல் மட்டும் இல்லை. அப்பாவின் வாழ்க்கையிலேயே அவர் ஒரே ஒரு முறை வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போடச் சொன்னது அன்றைக்குத்தான். திரும்பி வந்தபோது சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது. முகம் மட்டும் வேறு யாருடையதோ போல இருந்தது. அதற்குப் பிறகு மூன்று வருடம் கூட்டத்துக்கு ஒழுங்காகப் போனார், வந்தார். யாரையும் முழுதாக நம்பவில்லை, உங்களைத் தவிர.

அந்த நாளைப் பற்றி நான்கு வரி சேர்த்து எழுதித் தர முடியுமா? அந்த அறைக்குள் இருந்தவர் நீங்கள்.

உங்கள் மருமகள்,
யுவஸ்ரீ


மேட்டுப்பாளையம்,
14.12.2025

அன்பு மருமகளுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. உடம்பு சரியில்லை.

மறைந்தவரின் புகழஞ்சலியில் தோல்வியைப் பேசுவது மரபல்ல. ரகசிய வாக்கெடுப்பில் யார் யாருக்குப் போட்டார்கள் என்பது அவரவர் மனசாட்சிக்கும் கடவுளுக்கும்தான் தெரியும். ஊருக்குத் தெரிந்ததை நான் புதிதாக எழுத என்ன இருக்கிறது?

பம்பு கம்பெனியில் பில் போட்டுக்கொண்டிருந்தால் உன் படிப்பு வீணாகும். பாலுசாமி அவர்களின் மில்லில் அலுவலக உதவி மேலாளர் பணிக்கு உன்னைச் சொல்லி வைத்திருக்கிறேன். போன வாரம் என்னைப் பார்க்க வந்திருந்தார். 'அங்கப்பன் பொண்ணு நம்ம பொண்ணு' என்றார். தை மாதமே சேரலாம்.

தங்கச்சி எப்போது ஆனைமலைக்குப் புறப்படுகிறார்? இதற்கு மட்டும் உடனே எழுது.

தமிழ்வேந்தன்


வேலங்காட்டுப்பாளையம்,
21.12.2025

மாமாவுக்கு,

நலமறிய ஆவல். இங்கே மார்கழிப் பனியில் அம்மாவுக்கு இருமல், வேறொன்றும் இல்லை.

வேலைக்கு நன்றி. எனக்கு வேண்டாம்.

நான் பங்காரு மாமாவைப் பார்க்கப் போனேன். யாரும் அனுப்பவில்லை. ஏர்ஃபோர்ஸ் சாலையில் இளநீர்க் கடை வைத்திருக்கிறார். பஸ்ஸிலிருந்து தினமும் பார்ப்பேன். அவரும் பார்ப்பார். அப்பாவின் முகம் எப்படித் திரும்புமோ அதேபோலத் திரும்பிக்கொள்ள நானும் பழகியிருந்தேன். அன்றைக்கு இறங்கிவிட்டேன். கேட்க வந்தது வாயில் வரவில்லை. ஒரு இளநீர் என்று மட்டும் சொன்னேன்.

வெட்டிக்கொண்டே அவராகவே ஆரம்பித்தார். "அங்கப்பன் புள்ளைதானே? ஓட்டைப் பத்திக் கேக்க வந்தியா, இல்லை எளநி குடிக்கத்தான் வந்தியா?"

"ரெண்டுக்குமுங்க."

அவர் சிரித்துவிட்டார். "மூணு வருசத்துக்கு மேல ஆச்சு, கண்ணு. அல்லாரும் திட்டுனாங்க. ஒருத்தரும் கேக்கலை. நீதான் மொதல்ல கேக்கறே."

"அப்பாவுக்குப் போட்டீங்களாங்க, மாமா?"

"போட்டனே. பின்ன ஆருக்குப் போடுவேன்? என்ற மருமவனை மறுநாளே மில்லை உட்டு நிறுத்திப்போட்டாங்க, தெரியுமா உனக்கு? நான் அவங்களுக்கு ஓட்டுப் போட்டிருந்தா நிறுத்துவாங்களா? இதை எவனாச்சும் ரோசனை பண்ணுனானா?"

"ஏனுங்க சொல்லாம உட்டீங்க?"

"உங்கப்பன் என்ற மூஞ்சியப் பாத்து 'ஏன்டா பங்காரு, நீயா?'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா அங்கயே சொல்லியிருப்பேன். அவன் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டான். எனக்கும் ரோசம் வந்துருச்சு. கேக்காதவன் ஊட்டுக் கதவைத் தட்டி நான் நல்லவன்னு சொல்லோணுமாக்கும்?"

அப்படியானால் யார் என்று கேட்டேன். அரிவாளை ஈரத்துணியில் துடைத்துக்கொண்டு, "அன்னிக்குச் சங்கத்துல மத்தவங்கெல்லாம் வகுறெரிஞ்சு திட்டுனாங்க. ஒருத்தன் மட்டும் மேடையில பேசறாப்பல பேசுனான். அதுக்கு மேல என்னைக் கேக்காதே, அம்மிணி" என்றார்.

இளநீருக்குக் காசு வாங்கவில்லை. நான் பஸ் ஏறும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இதை உங்களுக்கு எழுதாமல் இருக்க நினைத்தேன். முடியவில்லை.

யுவஸ்ரீ


மேட்டுப்பாளையம்,
28.12.2025

யுவஸ்ரீக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை. இளநீர்க் கடைக்காரன் பேச்சைக் கேட்டு, பிறந்ததிலிருந்து உன்னைத் தூக்கி வளர்த்தவனுக்கு இப்படி எழுதும் அளவுக்குப் படிப்பு உன்னைக் கொண்டு வந்திருக்கிறது. அந்தப் படிப்பு உனக்கு எப்படி வந்தது என்று என்றைக்காவது கேட்டிருக்கிறாயா? பாலுசாமியின் சம்பந்தி நடத்தும் கல்லூரி அது. அறக்கட்டளை சீட்டு என்று ஒன்று உண்டு, அது தகுதிக்குக் கிடைப்பதல்ல. அதை வாங்கித் தரும் இடத்தில் நான் இருந்தேன், உன் அப்பன் இருக்கவில்லை. அவன் நாற்காலிக்கு ஆசைப்பட்டான். கிடைத்திருந்தால் இந்த ஊர் அவனை ஆறு மாதம் உட்கார விட்டிருக்குமா? எவனாவது கையெழுத்துக்கு வந்திருப்பானா? நான் பார்த்தவன். எனக்குத் தெரியும்.

நான் யாரிடமும் ஒன்றும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொள்ள ஒன்றும் இல்லை.

இப்போது கூழும் இறங்குவதில்லை. உள்ளே யாரோ அரைத்து அப்பியது போலக் காந்துகிறது. உன் அம்மாவிடம் சொல். நான் கேட்டதாகச் சொல். ஒரு எண்ணெய்க்காப்பு. அவ்வளவுதான் கேட்கிறேன்.

தமிழ்வேந்தன்


வேலங்காட்டுப்பாளையம்,
6.1.2026

மாமாவுக்கு,

நீங்கள் உடம்பு தேற வேண்டும் என்று நான் நினைப்பது உண்மை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

கடைசிக் கடிதத்தை அம்மாவுக்கு முழுதாகப் படித்துக் காட்டினேன். முடித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "ரொம்பக் காந்துதாமா?"

"உனக்குத் தெரியுமாம்மா?" என்றேன்.

"தெரியும்."

"எப்பத்திலிருந்து?"

"ஓட்டுப் போட்ட அன்னிக்கே. நம்ம ஊட்டுக்கு வந்து உங்கப்பன் கையைப் புடிச்சுக்கிட்டுத் தேம்பித் தேம்பி அழுதாரு. உங்கப்பன் அழுகலை. தோத்தவனே கல்லு மாதிரி உக்காந்திருக்கையில இவரு எதுக்கு அப்படி அழுகோணும்? அவருதானோன்னு எனக்கு அப்பவே பட்டுச்சு. ஆனா ஒருத்தரை அப்படி நெனைக்கலாமா? அதான் ஆனைமலைக்கு அவரையே கூட்டிப்போகச் சொன்னேன்."

வேண்டுமென்றேதான் உங்களைக் கூப்பிட்டிருக்கிறார், மாமா. மிளகாய் அரைக்கும் கல்லுக்கு முன்னால் உட்கார்ந்து, "அண்ணா, நீங்களும் ஒரு கை புடிச்சு அரைங்க, அவருக்கு நீங்கதானே கூடப் பொறந்தவரு" என்று கேட்டாராம். நம்பிக்கை இல்லை என்று சொல்லி நீங்கள் பிரகாரத்துக்கு வெளியே போய்விட்டீர்கள். திரும்பி வரும்போது தண்ணீர் குடிப்பதற்காகப் பொள்ளாச்சி வரைக்கும் காரை நிறுத்தி நிறுத்தி வந்தீர்களாம். சாமி இல்லை என்கிறவருக்கு அப்படி என்ன தாகம் என்று அம்மா நினைத்தாராம். நினைத்ததோடு நின்றிருக்கிறார்.

"ஏம்மா அப்பாகிட்டச் சொல்லலை?"

"சொன்னா அவருக்கு ஒலகத்துல ஆரு இருந்தா? இருந்தது அந்த ஒரு ஆளு."

"பங்காரு மாமா?"

அம்மா முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டார். பிறகு, "ஆடி மாசம் உனக்குச் சீட்டு வந்துச்சு. கொண்டாந்து குடுத்தது அவரு. நான் வாயைத் தொறந்தா நீ தறிக்குத்தான் போயிருப்பே, கண்ணு. பங்காரைப் பாக்கறப்பெல்லாம் நானும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். உங்கப்பன் கோவத்துல திருப்பிக்கிட்டாரு. நான் மூஞ்சியக் காட்ட முடியாமத் திருப்பிக்கிட்டேன்."

அன்றிலிருந்து அம்மாவிடம் தேவைக்குத்தான் பேசுகிறேன். நீங்கள் எங்களை ஏமாற்றியதைவிட, எனக்காக அம்மா வாயை மூடிக்கொண்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எங்கள் வீட்டுச் சுவரில் பட்டமளிப்பு அங்கியோடு நான் சிரிக்கும் படம் மாட்டியிருக்கிறது. அப்பா தினமும் அதைத் துடைப்பார். அவருக்கு எதிராகப் போட்ட ஓட்டையா அவர் துடைத்துக்கொண்டிருந்தார்? இதை யாரிடம் போய்க் கேட்பது?

அப்பாவை அந்த நாற்காலியில் ஆறு மாதம் உட்கார விட்டிருக்க மாட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். இருக்கலாம். ஆனால் எழுப்பிவிட வேண்டியவர்கள் அவர்கள்தானே?

இப்போது கேட்கப் போவது இரண்டுதான். ஊர் முன்னால் நிற்கச் சொல்லவில்லை. காரணமும் கேட்கவில்லை. புகழஞ்சலியில் 'அவனிடம் நான் மறைத்தது ஒன்றும் இல்லை' என்று ஒரு வரி இருக்கிறதே, அதை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி எழுதி அனுப்புங்கள். மற்றதெல்லாம் நிஜம். அதைச் சந்தோஷமாகப் படிப்போம். இரண்டாவது, பங்காரு மாமாவுக்கு நீங்களே ஒரு கடிதம் போடுங்கள். 'நீ இல்லை என்று எனக்குத் தெரியும்' என்று எழுதினால் போதும்.

இந்த இரண்டும் நடந்தால் அன்றைக்கே ஆனைமலைக்கு பஸ் ஏறுவதாக அம்மா சொல்லிவிட்டார். நடக்காவிட்டால் போக முடியாதாம். "நான் கேட்டது நியாயம். அது கெடைக்காம எப்படிக் குளுர வைக்கறது?" என்கிறார்.

படத்திறப்பு பிப்ரவரி முதல் தேதி, ஞாயிறு காலை. எனக்கு நன்றியுரை கொடுத்திருக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். வீட்டு ஆள்தான் சொல்ல வேண்டுமாம்.

யுவஸ்ரீ


வேலங்காட்டுப்பாளையம்,
3.2.2026

திரு. தமிழ்வேந்தன் அவர்களுக்கு,

வணக்கம். உடல்நலம் தேறி வருகிறீர்கள் என்று நம்புகிறேன். என் போன கடிதத்துக்கு உங்களிடமிருந்து பதில் இல்லை. இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை நடந்ததை உங்களுக்கு எழுதுவது என் கடமை.

புவனா அக்கா ரோஜா மாலையோடு வந்திருந்தார். நீங்கள் கொடுத்தனுப்பிய கவரை என் கையில் தந்தார். புகழஞ்சலியைப் புதிதாக எழுதியிருக்கிறீர்கள் என்று தெரிந்ததும் ஒரு நிமிடம் எனக்கு மூச்சு லேசானது. பிரித்துப் பார்த்தேன். அந்த வரி அப்படியே இருந்தது. அதன் பக்கத்தில், 'இன்றும் அவன் முகத்தை நேருக்கு நேர் பார்க்கும் துணிவு எனக்கு உண்டு' என்று ஒரு வரி கூடியிருந்தது. பங்காரு மாமாவிடம் கேட்டேன். அவருக்கு ஒரு கடிதமும் வரவில்லை.

படத்தைத் திறந்தவர் பங்காரு மாமா. போன வாரமே நான் சங்கத்தில் அவருடைய மருமகனை மில்லில் நிறுத்திய விஷயத்தை மட்டும் சொன்னேன். வேறெதுவும் சொல்லவில்லை. தல்ஹா அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ரங்கம்மாள் அத்தை எழுந்து நேராக ஏர்ஃபோர்ஸ் சாலைக்குப் போனார். அங்கே என்ன பேசினாரோ தெரியாது. திரும்பி வரும்போது ஒரு பை நிறைய இளநீர்க் காய்களோடு வந்தார். "படுபாவி, திட்ட வேண்டியது நானு, அவன் காயை வெட்டிக் குடுக்கறான்" என்று சொல்லிக்கொண்டே எல்லாருக்கும் கொடுத்தார்.

பங்காரு மாமா திரையை விலக்கிவிட்டு அப்பாவின் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "இப்பத்தான்டா என்ற மூஞ்சியப் பாக்கறே" என்றார். மைக் பக்கத்தில் இருந்ததால் எல்லாருக்கும் கேட்டுவிட்டது. அம்மா எழுந்து மேடைக்குப் போய் அவர் முன்னால் கைகூப்பினார். அவர் காலில் விழப்போன அம்மாவை மயிலாத்தாள் அத்தை பிடித்துக்கொண்டார்.

கிருபாசங்கர் அண்ணன் உங்கள் புகழஞ்சலியை நிறுத்தி நிதானமாகப் படித்தார். ஒரு எழுத்தையும் நான் நீக்கச் சொல்லவில்லை. சோற்றுப் பொட்டலம் வந்தபோது பலர் கண்ணைத் துடைத்தார்கள். மறைத்தது ஒன்றும் இல்லை என்ற இடத்தில் கைதட்டினார்கள். புவனா அக்காவும் தட்டினார்.

கடைசியில் என்னைக் கூப்பிட்டார்கள். தாளில் எழுதி வைத்திருந்ததால் தலையைத் தூக்காமல் படித்தேன். பந்தல் போட்டவருக்கு நன்றி, ஒலிபெருக்கிக்காரருக்கு நன்றி, புகழஞ்சலி எழுதி அனுப்பியவருக்கு நன்றி. எல்லாரும் எழுந்துகொள்ளத் தயாரானார்கள். நான் அடுத்த பத்தியைப் படித்தேன்.

"தலைவர் தேர்தலில் என் அப்பாவுக்கு ஏழு ஓட்டு விழுந்தது. ஒன்று அவருடையது. மற்ற ஆறு பேருக்கும் அவர் நன்றி சொல்லாமலே போய்விட்டார். அவருக்காக நான் சொல்கிறேன். ரங்கம்மாள் அவர்களுக்கு நன்றி. வரதராஜுலு அவர்களுக்கு நன்றி. மயிலாத்தாள் அவர்களுக்கு நன்றி. தல்ஹா அவர்களுக்கு நன்றி. கிருபாசங்கர் அவர்களுக்கு நன்றி. பங்காரு அவர்களுக்கு நன்றி. வணக்கம்."

யாரும் கைதட்டவில்லை. வரதராஜுலு மாமா பெயர்களை எண்ணி விரலை மடக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே நிறுத்தி என்னைப் பார்த்தார். நான் தாளை மடித்துக்கொண்டு இறங்கினேன்.

பந்தல் காலியான பிறகு புவனா அக்கா செருப்பு விடும் இடத்தில் எனக்காக நின்றிருந்தார். அவர் நல்லவர். அவருக்கு எதுவும் தெரியாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

"அழகாப் பேசுனே, அம்மிணி. எல்லார் பேரும் சொன்னே, எங்கப்பா பேரை உட்டுட்டயே. பதட்டத்துல மறந்துட்டயா?" என்றார்.

"இல்லீங்கக்கா" என்றேன்.

இப்படிக்கு,
அங்கப்பன் மகள் யுவஸ்ரீ